பவுடர் பிடிக்கும் சூடு

புதுச்சேரியின் வில்லியனூரும் பாகூரும் கொம்யூன் பஞ்சாயத்துகள். தாலுகாத் தலைமையிடங்களும் அவையே. 'நிலமகள்' தளத்திலிருந்து எடுத்த பட்டா நகல், வில்லங்கச் சான்று, பிறப்புச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ், கிரயப் பத்திரம் என்று ஒரு விவசாயக் குடும்பத்தின் உரிமைகள் எல்லாம் இந்த ஊர்களின் அலுவலகங்களையும் அவற்றை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளையும் கடந்துதான் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் போய்ச் சேர்கின்றன. மூலப் பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருக்கும். கையில் மிஞ்சுவது நகல். அதை நாலாக மடித்து வைத்துச் சில வருடம் கழித்துப் பிரித்தால், மடிப்பின் மேல் விழுந்த எழுத்துகள் மட்டும் பொடியாகி உதிர்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஆர்.எஸ். (மறு அளவை) எண்ணில் ஓர் இலக்கம் போயிருக்கும். ஆர், சென்டியார் என்று எழுதிய நில அளவில் ஒரு புள்ளி போயிருக்கும். நிலத்தை அளக்க வருகிறவருக்கு அந்த ஒரு புள்ளி பெரிய விஷயம்.

ஏன் உதிர்கிறது? கடைக்காரர் 'பவுடர் மட்டம்' என்பார். மெஷின் பழுது பார்ப்பவர் 'பிக்சிங் போயிடுச்சு' என்பார். பவுடர் விற்பவர் காகிதத்தைக் குறை சொல்வார், காகிதம் விற்பவர் மெஷினை. எல்லாருடைய பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இவற்றை ஒன்றோடொன்று வைத்து எடை போட்டுப் பார்த்தால், காகிதத்தின் ஈரத்துக்கும் தடிமனுக்கும் நாம் கொடுக்கும் இடம் மிகக் குறைவு என்பதுதான் என் முடிவு. நகல் கையில் வந்ததும் எழுத்து கருப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டு போகிறோம். பிடித்திருக்கிறதா என்று யாரும் விரலால் தேய்த்துப் பார்ப்பதில்லை.

டோனர் பவுடர் என்பது மை அல்ல, பொடியாக்கிய பிளாஸ்டிக். ஒரு துகளின் குறுக்களவு சுமார் 5 முதல் 10 மைக்ரான். அதில் பெரும்பகுதி ஸ்டைரீன்-அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர் பிசின். கருமைக்குக் கார்பன் கரி, ரோலரில் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் மெழுகு, மின்னூட்டத்தைக் கட்டுப்படுத்தும் சேர்மங்கள் கலந்திருக்கும். கேனன், எச்.பி. கருப்பு-வெள்ளை பிரிண்டர்களின் பவுடரில் இரும்பு ஆக்சைடும் கணிசமாக உண்டு. கொட்டிய பவுடர் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் மயிர்மயிராக எழுந்து ஒட்டிக்கொள்ளும். டிரம்மில் லேசர் வரைந்த மின் உருவத்தில் இந்தத் துகள்கள் ஒட்டி, அங்கிருந்து மின்விசையால் காகிதத்துக்குத் தாவுகின்றன. அந்த நிலையில் தாளை வெளியே இழுத்து ஊதினால் எழுத்து பறந்துவிடும். ஜாம் ஆகிப் பாதியில் சிக்கிய தாளை எடுக்கும்போது கை கருப்பாவது இதனால்தான்.

பிக்சிங் இந்த இடத்தில் வருகிறது. சுமார் 55 முதல் 65 டிகிரி செல்சியஸில் பிசின் இறுக்கம் தளர்ந்து இளகத் தொடங்கும். ஆனால் இளகினால் மட்டும் போதாது. துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர வேண்டும், பரவ வேண்டும், காகித நாரின் இடுக்குகளுக்குள் கொஞ்சமாவது இறங்க வேண்டும். அதற்கு அடிப்பகுதி வரை 100 டிகிரிக்கு மேல் சூடு போய்ச் சேர வேண்டும். ஆகவே சூடான பக்கத்தின் மேற்பரப்பை 180 டிகிரி அளவில் வைத்து, எதிரே ரப்பர் பிரஷர் ரோலரை அழுத்தி, நடுவே தாளை ஓட்டுகிறார்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளும் பட்டையின் அகலம் சில மில்லிமீட்டர்தான். நிமிடத்துக்கு 12 பக்கம் அடிக்கும் சிறிய பிரிண்டரில் தாள் நொடிக்கு 70 மில்லிமீட்டர் அளவில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் எழுத்து அந்தச் சூட்டில் இருக்கும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேகமான மெஷின்களில் இன்னும் குறைவு.

சூடாக்கிப் பதிக்கும் வேலை இந்தத் தொழில்நுட்பத்தின் முதல் நாளிலேயே இருந்தது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சனும் உதவியாளர் ஓட்டோ கோர்னையும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டினார்கள். தேதியும் ஊர்ப் பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை மேலே வைத்து வெளிச்சம் காட்டினார்கள். லைக்கோபோடியம் செடியின் வித்துத்தூளைத் தூவி, மிஞ்சியதை ஊதித் தள்ளினார்கள். தூளில் நின்ற எழுத்தை மெழுகுக் காகிதத்தில் அழுத்தி எடுத்து, மெழுகு இளகும்வரை சூடாக்கினார்கள். அன்று உருகியது காகிதத்தின் மெழுகு. பிறகு வந்த மெஷின்களில் பொடியே உருகியது. 1959இல் ஹாலாய்டு ஜெராக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 914 மெஷினில், தொடாமல் மேலிருந்து காயவைக்கும் கதிர்வீச்சுச் சூடு இருந்தது. தாள் சிக்கிக்கொண்டால் தீப்பற்றும் அபாயம் இருந்ததால் அந்த மெஷினோடு சிறிய தீயணைப்பானும் கொடுத்தார்கள். பின்னர் ஆவியால் கரைத்து ஒட்டுவது, செனான் விளக்கைப் பளிச்சிட்டு உருக்குவது, சூடே இல்லாமல் அழுத்தத்தால் மட்டும் பதிப்பது என்று பல வழிகளைப் பார்த்துவிட்டு, சூடும் அழுத்தமும் சேர்ந்த ரோலர் முறையில் வந்து நின்றார்கள்.

இந்தியாவில் மோடி ஜெராக்ஸ் கூட்டு நிறுவனம் 1980களில் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் உற்பத்தி தொடங்கிய பிறகு நகலெடுப்பு சிற்றூர் வரை பரவியது. இன்று தாலுகா ஊர்க் கடைகளில் இரண்டு வகை மெஷின்களைப் பார்க்கிறோம். வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடி முடித்து, இங்கே ரீகண்டிஷன் செய்து விற்கப்படும் பெரிய கேனன் மெஷின்கள் ஒரு வகை. மேஜை ஓரத்தில் உட்காரும் எல்.பி.பி. 2900 போன்ற சிறிய லேசர் பிரிண்டர்கள் இன்னொரு வகை. ஹாலஜன் விளக்கு உள்ளே எரியும் கெட்டியான ரோலர்தான் பழைய வழக்கம். அது சூடாக நேரம் எடுக்கும். சூடானபின் அதன் உலோகம் சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்ளும். சிறிய பிரிண்டரில் மெல்லிய பாலிமைடு உறைதான் ரோலர். கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதற்குள் ஒரு பீங்கான் பட்டை சில நொடிகளில் சூடேறிவிடும். காத்திருக்க வேண்டாம், மின்சாரமும் மிச்சம். ஆனால் தேக்கிவைத்த சூடு என்று எதுவும் இல்லை. ஒரு ஸ்டேப்பிள் பின் தாளோடு உள்ளே போனால் உறை கிழியும். கிழிந்த இடத்துக்கு நேரே ஒவ்வொரு பக்கத்திலும் பவுடர் ஒட்டாமல் ஒரு கோடு ஓடும். பழைய பத்திரத்தைப் பின்னோடு மெஷினில் விடுகிற அவசரத்துக்கு இது விலை.

இனிக் கணக்குக்கு வருவோம். இந்த விஷயத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒரு ஏ4 தாள், 75 ஜிஎஸ்எம் என்றால் எடை 4.7 கிராம். எழுத்து நிறைந்த ஒரு சாதாரணப் பக்கத்தில் இருக்கும் டோனர் 30, 40 மில்லிகிராம். அந்த டோனரை மட்டும் தனியே உருக்க 10 ஜூல்கூட வேண்டாம். காகித நாரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 400 ஜூல் வேண்டும். தாளில் எடைக்கு 5 விழுக்காடு ஈரம் இருந்தால் அது கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதைச் சூடாக்கி முழுவதும் ஆவியாக்க 600 ஜூலை நெருங்கும். ஈரம் 10 விழுக்காடானால் 1200. அந்தக் குறுகிய நேரத்தில் எல்லா நீரும் ஆவியாவதில்லை என்பது உண்மை, ஆனாலும் விகிதம் தெரிகிறது. பிக்சிங் யூனிட் தரும் சூட்டில் பவுடருக்குப் போவது சொற்பம். முதல் பங்கை ஈரமும் காகிதமும் எடுத்துக்கொள்கின்றன. ஈர விறகை அடுப்பில் வைத்தால் தீயெல்லாம் அதை உலர்த்துவதிலேயே கழிவதைப்போலத்தான் இதுவும்.

வில்லியனூரும் பாகூரும் கடலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாதவை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் நாள் கணக்கில் 80, 90 விழுக்காட்டில் நிற்கும். ஆலையிலிருந்து வரும் காகிதக் கட்டு ஈரம் புகாத உறையோடு வருவது சும்மா அழகுக்கு அல்ல. சுமார் 5 விழுக்காடு ஈரத்தோடு கட்டிய தாள் அப்படியே இருக்கட்டும் என்பதற்குத்தான். உறையைப் பிரித்துத் தட்டில் அடுக்கி இரண்டு மழை நாள் விட்டால் மேல் தாள்களின் ஈரம் 10 விழுக்காட்டை நெருங்கும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் காப்பியர் தாளானாலும் சரி, மரக்கூழில் செய்த விலை கூடிய தாளானாலும் சரி, செல்லுலோஸ் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும். 'நல்ல பேப்பர் போட்டேன், அப்பவும் உதிருது' என்று வருத்தப்படுகிறவர்கள் கட்டை எங்கே வைத்தோம் என்று பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சங்கிலி இருக்கிறது. கடைகளில் அதைக் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய இழப்பு என்பேன். ஈரத் தாள் மின்னூட்டத்தைக் கசியவிடும். அதனால் டிரம்மிலிருந்து பவுடர் சரியாகத் தாவாது, எழுத்து வெளுத்து வரும். வாடிக்கையாளர் 'மங்கலா இருக்கு' என்றதும் கடைக்காரர் டென்சிட்டியைக் கூட்டுவார். பவுடர் கனமாக விழும், எழுத்து கருக்கும், வாடிக்கையாளர் திருப்தியோடு போவார். ஆனால் சூட்டைத் தின்னும் ஈரத் தாளின் மேல் இப்போது முன்னைவிடத் தடித்த பவுடர்ப் படலம் உட்கார்ந்திருக்கிறது. மேல் தோல் உருகிப் பளபளப்பாகிவிடும். தாளைத் தொடும் அடிப்பகுதி அரைகுறையாக நிற்கும். மழைக்காலத்தில் எடுத்த நன்கு கறுத்த நகல் முதலில் உதிர்வதற்கு இதுவே காரணம். கருமையைக் கூட்டுவதற்கு முன், உறை பிரிக்காத கட்டிலிருந்து பத்துத் தாள் போட்டுப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மின்சாரத்தின் பங்கும் உண்டு. ஹீட்டரின் திறன் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் வந்தால் சூடாக்கும் திறன் 61 விழுக்காடுதான். கிராமத்து ஃபீடரில் ஏர்க்கண்டிஷனரும் மோட்டார் பம்புசெட்டும் ஓடும் நேரத்தில் இது நடக்கக்கூடியதே. மெஷினின் கட்டுப்பாட்டுச் சுற்று ஹீட்டரை அதிக நேரம் எரியவிட்டு ஈடுகட்டப் பார்க்கும். முடியாதபோது, பெரிய கேனன் மெஷின்களில் ஈ-000 என்ற பிழை எண் வந்து நிற்கும். சர்வீஸ் ஆள் வந்து நீக்கினால்தான் மறுபடி ஓடும். இப்படி நின்றுபோவதைக் கடைக்காரர்கள் சபிக்கிறார்கள், ஆனால் அது தீ விபத்தைத் தடுக்கும் ஏற்பாடு. பிழை எண்ணே காட்டாத நிலைதான் ஆவணத்துக்கு ஆபத்து. நூறு பக்கத் தொகுப்பை நிறுத்தாமல் அடிக்கும்போது சூடு கொஞ்சங் கொஞ்சமாக இறங்கும். முதல் தாள் நன்றாகப் பிடித்திருக்கும், எழுபதாவது தாள் பிடித்திருக்காது. கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரையும் சேர்த்துச் செருகுவது வேறொரு பிழை. ஹீட்டர் எரியும் கணத்தில் பிரிண்டர் பல நூறு வாட் கேட்கும், யுபிஎஸ் தாங்காது.

பவுடர் மேல் விழும் பழி முழுக்கப் பொய் அல்ல. ஒவ்வொரு மெஷினின் சூடும் வேகமும் அதற்கென்று வடிவமைத்த பிசினுக்கு ஏற்ப அமைந்தவை. ரீஃபில் பவுடரின் பிசின் சற்று உயர்ந்த சூட்டில் உருகுவதாக இருந்தால் அரைகுறையாக நிற்கும். தாழ்ந்த சூட்டில் உருகுவதாக இருந்தால் ரோலரிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் அடையாளம் ஒன்றுதான்: ரோலரின் சுற்றளவு தூரம் கீழே அதே எழுத்து மங்கலாக மறுபடி விழும். பழைய பவுடர் மிஞ்சிய கார்ட்ரிட்ஜில் வேறு பவுடரைக் கலந்து ஊற்றுவது இரண்டு கோளாறையும் ஒரே பக்கத்தில் கொண்டுவரும். இறுகிப்போன பிரஷர் ரோலரும், சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரில் மூடிய அழுக்கும் இதே வேலையைச் செய்யும்.

முத்திரைத்தாளைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊர்களில் மிக முக்கியமான எழுத்து அதில்தான் ஏறுகிறது. அது சாதாரணத் தாளைவிடத் தடிமன், மேற்பரப்பும் சொரசொரப்பு. மேடான நார்களில் மட்டும் ரோலர் தொடும்; பள்ளத்தில் விழுந்த பவுடர் அழுத்தம் படாமல் கிடக்கும். பத்திரம் எழுதுபவரின் கம்ப்யூட்டரில் தாள் வகை 'பிளெய்ன்' என்றே இருந்தால், தடித்த தாளுக்கும் மெல்லிய தாளின் சூடும் வேகமும்தான் கிடைக்கும். அமைப்பில் 'ஹெவி' என்று மாற்றினால் மெஷின் சூட்டைக் கூட்டியோ வேகத்தைக் குறைத்தோ ஓட்டும். ஒரே ஒரு சொடுக்கு. நான் பார்த்தவரை அதைச் செய்கிறவர்கள் குறைவு, அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

இதே பாகூரில், ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு (கல்விச்சாலைக்கு) மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் செப்பேட்டில் வெட்டினார்கள். அதுவும் நிலப் பத்திரம்தான். உலோகத்தில் வெட்டிய எழுத்து உலோகத்தின் பகுதியாகிவிட்டது. பேனா மையும் நாருக்குள் ஊறுகிறது. டோனர் எழுத்தோ தாளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கார்பன் கரி வெளுப்பதில்லை, பிசின் நீரில் கரைவதில்லை. நிறத்தின் நிலைப்பில் டோனரை மிஞ்சுவது கடினம். எழுத்து மங்குவதல்ல இங்கே பிரச்சினை, பிடிமானம்தான். எழுதுதல், அச்சிடுதல், நகலெடுத்தல் ஆகியவை எவ்வளவு நிலைக்கும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 11798 என்ற தரநிலையே இருக்கிறது.

நன்கு பிடித்த நகலையும் வீட்டில் கெடுக்கலாம். மென்மையாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக, ஒரு வாடையோடு இருக்கும் பிவிசி கவர்களில் பிளாஸ்டிக்கை இளக்கும் திரவச் சேர்மங்கள் உண்டு. அவை மெல்லக் கசிந்து டோனரின் பிசினையும் இளக்கிவிடும். சில வருடம் கழித்துத் தாளை உருவினால் எழுத்து கவரின் உட்புறத்தில் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒட்டியிருக்கும்; தாள் வெளுத்திருக்கும். கசக்கினால் மொடமொடக்கும் பாலிபுரோபிலீன் கவரில் இந்தத் தொல்லை இல்லை. லேமினேஷன் இன்னும் மோசம். அந்த மெஷினின் சூட்டில் டோனர் மறுபடி இளகும், பசை அதைப் பற்றிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. நகலை லேமினேட் செய்வது அவரவர் விருப்பம். மூலச் சான்றிதழைச் செய்யவே கூடாது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படி நனைந்த பெட்டிகளில் இங்க்ஜெட் அச்சும் ரப்பர் ஸ்டாம்பு மையும் கரைந்து ஓடும். டோனர் எழுத்து நிற்கும். ஆனால் நனைந்த நார் உப்பி, காயும்போது சுருங்கும். சரியாக உருகாத எழுத்து அந்த அசைவைத் தாங்காமல் செதில் செதிலாக உரிந்துவிடும். நனைந்த தாள்களை ஒன்றொன்றாகப் பிரித்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் காயவைக்க வேண்டும். அவசரத்தில் இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்தால் டோனர் உருகி அடுத்த தாளில் ஒட்டும். வெள்ளம் விட்டுவைத்ததைப் பெட்டி எடுத்துக்கொள்ளும்.

சூட்டைக் கூட்டிக்கொண்டே போவதும் தீர்வல்ல. மிகுந்த சூட்டில் தாள் சுருளும், மின்சாரம் வீணாகும், கடைக்குள் காற்றும் கெடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லிடியா மொராவ்ஸ்கா குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு, சில லேசர் பிரிண்டர்கள் மிக நுண்ணிய துகள்களைக் காற்றில் ஏராளமாக விடுவதைக் காட்டியது. சூட்டில் கிளம்பும் ஆவிகள் குளிர்ந்து திரள்வதும் அதற்குக் காரணம் என்று பின்னர் அதே துறையினர் விளக்கினார்கள். பத்துக்குப் பத்து அறையில் நாள் முழுதும் மெஷின் பக்கத்தில் நிற்கும் பெண்களுக்காக ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது பெரிய செலவல்ல. குறைந்த சூட்டில் உருகும் பாலியெஸ்டர் டோனர்களைப் பெரிய நிறுவனங்கள் 2000க்குப் பிறகு கொண்டுவந்திருப்பது இந்தக் கோணத்திலும் நல்லது. ரீஃபில் சந்தைக்கு அவை வந்து சேர நாளாகும்.

பிடிமானத்தைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். கெட்டியான கருப்புக் கட்டம் ஒன்றை அச்சிட்டு, அதன் குறுக்கே தாளை உள்பக்கமாக மடித்து, நகத்தால் ஒருமுறை அழுத்தித் தேய்த்து, பிரித்து, பருத்தித் துணியால் லேசாகத் துடைக்க வேண்டும். மடிப்பில் முடி அளவுக் கோடு தெரிந்தால் பரவாயில்லை. வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தால் அந்த மெஷினில் அன்றைக்குப் பத்திரம் அடிக்கக் கூடாது. ஒட்டுநாடாவை ஒட்டி மெதுவாக உரித்துப் பார்ப்பது இன்னொரு வழி. நிரந்தரமாக வைக்க வேண்டிய நகல்களுக்கு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் பரிந்துரைத்த சோதனையும் இந்த வகைதான். மெஷின் வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் நிமிடத்துக்கு எத்தனை பக்கம், பக்கத்துக்கு எத்தனை பைசா என்று கேட்கிறோம். தாலுகா அலுவலகமும் சார்பதிவாளர் அலுவலகமும் கொம்யூன் அலுவலகமும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கலாம்: மாதம் ஒருமுறை, மழை மாதங்களில் வாரம் ஒருமுறை, தட்டில் இருக்கும் அதே தாளிலும் ஒரு தடித்த தாளிலும் மடிப்புச் சோதனை செய்து, அந்தத் தாள்களைத் தேதியிட்டு, மெஷின் அருகே ஒரு கோப்பில் வைக்க வேண்டும்.